தேயிலை மலையில் பின்சக்கரக் கார்: முதலில் எதை மாற்றுவது?

அமெரிக்காவில் மசில் கார் என்றால், 1964இல் போன்டியாக் ஜீடிஓ சூடுபிடிக்க வைத்த ஒரு வகை. நடுத்தர உடல், அதற்குள் அடங்காத பெரிய வீ-8 என்ஜின், பின்சக்கர இயக்கம். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த போர்ட் மஸ்டாங்கையும் பேச்சுவழக்கில் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அப்படி ஒரு வண்டியைக் காண்பது அபூர்வம். இளைஞர்களின் மனதில் அந்த இடத்தைப் பிடித்திருப்பவை வேறு: ஊரெல்லாம் 'லான்சர் பொக்ஸ்' என்று சொல்லும் 1979க்குப் பிந்திய சதுர உடல் மிட்சுபிஷி லான்சர், கேஈ-70 கொரோலா, அதன் டீஎக்ஸ் வேகன், கொஞ்சம் வசதியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு மொறிஸ் மைனர். வீ-8 இல்லை, குதிரைவலு நூறைத் தொடுவதே பெரிய விஷயம். ஆனால் என்ஜின் முன்னால், இயக்கம் பின்னால், இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இரும்பாகப் பிணைக்கும் கனத்த எக்ஸல் கீழே. மஸ்டாங்கின் எலும்புக்கூடும் இதுதான்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது, அதுவும் கனத்த வரியோடு. இடைப்பட்ட வருடங்களில், கராஜ் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கார்களுக்குக்கூட மவுசு வந்தது. வாங்கியவர் முதலில் பெயின்ட் அடிக்கிறார், இரண்டாவதாக சஸ்பென்ஷனில் கை வைக்கிறார். எங்கே தொடங்குவது என்ற கேள்வியும் குழப்பமும் அங்கேதான் வருகின்றன.

மலைநாட்டில் இதற்கு மூன்று விதமான பதில் புழங்குகிறது. முதலாவது கட்சி, காரைத் தரையோடு தாழ்த்து என்கிறது. வளைவில் சாயாது, பார்க்கவும் அழகு என்பது அதன் வாதம். இரண்டாவது தோட்டத்து டிரைவர்களின் கட்சி. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடப் போட்டு வண்டியை உயர்த்து, கல்லில் அடிபடாது என்கிறார்கள். மூன்றாவது கட்சிக்கு வாய் குறைவு, வயது அதிகம். கம்பெனி போட்டதைத் திரும்பப் புதிதாகப் போடு, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் எது எந்தப் பாதைக்கு என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பாதையைப் பார்ப்போம். அவிசாவளையில் தொடங்கும் ஏ-7 வீதி கித்துல்கலை, கினிகத்தேனை தாண்டி ஹட்டனுக்கு ஏறி, தலவாக்கலை வழியாக நுவரெலியாவை அடைகிறது. பேராதனையில் பிரியும் ஏ-5 கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மறுபக்கம் ஏறுகிறது. அவிசாவளை ஏறத்தாழக் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹட்டன் சுமார் 1,270 மீட்டரில், நுவரெலியா 1,868 மீட்டரில். இந்த இரண்டு வீதிகளும் இன்று காபட் போட்ட நல்ல வீதிகள். கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் கதை மாறிவிடும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கொழுந்து ஏற்றவும் ஸ்டோருக்கு விறகு கொண்டுபோகவும் வெட்டிய பாதைகள் அவை. எப்போதோ போட்ட தார் ஓரம் உடைந்து, நடுவில் கல் எழும்பி, மழைநீர் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. லயத்துக்குப் போகும் கடைசி இரண்டு மைலில் லொறி இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் போகும்.

ஆகவே இங்கே ஒரே கார் ஒரே நாளில் இரண்டு வேறு பாதைகளைச் சந்திக்கிறது: வழுக்கும் காபட் வளைவு ஒன்று, கல்லும் பள்ளமும் நிறைந்த தோட்டப் பாதை மற்றொன்று. வெளிநாட்டு சஞ்சிகைகளில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே எழுதப்பட்டவை. அதிலும் காய்ந்த வீதிக்கு.

மலையில் காருக்கு என்ன நடக்கிறது என்பதிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இறக்கத்தில் பாரமெல்லாம் முன்னுக்குப் போய்விடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோ கார், முன்-பின் சக்கர இடைவெளி 2.4 மீட்டர் (கேஈ-70இன் அளவு அதுதான், லான்சருக்கு 4 சென்டிமீட்டர் கூட), எடையின் மையம் நிலத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில் பின்னாலிருந்து முன்னால் நகரும் பாரம் 19 கிலோதான். அதே இறக்கத்தில் கொஞ்சம் பலமாக, புவியீர்ப்பின் பாதியளவுக்குப் பிரேக் பிடித்தால் மேலும் 94 கிலோ நகர்கிறது. ஆளைப் பதற வைப்பது சரிவு, பின்சக்கரங்களைக் காலியாக்குவது பிரேக். சும்மா நிற்கும்போது பின் எக்ஸலில் 420 கிலோ இருந்தால், இப்போது 310க்கும் குறைவு.

இந்த நேரத்தில் டிரைவர் கியரையும் படாரென்று குறைத்தால், என்ஜினின் பிடிப்பு முழுவதும் அந்தக் காலியான பின்சக்கரங்களில்தான் விழும். முன்சக்கர இயக்கக் காரில் இந்தச் சிக்கல் இப்படி வராது. ஈரத்தில் பின்புறம் வெளியே வீசுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. பின்சக்கரக் காரில் சஸ்பென்ஷனைத் திருத்துவது என்றால், முதல் வேலை இந்த எடை குறைந்த பின்சக்கரங்கள் தரையை விடாமல் பார்த்துக்கொள்வது. சாய்வைக் குறைப்பது அதற்குப் பிறகு. எந்த மாற்றத்தையும் இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்த்தால், பல வாதங்கள் தானாக அடங்கிவிடும்.

டயர் சஸ்பென்ஷனில் சேராது என்று வாதாடுபவர்கள் உண்டு. வாதாடட்டும். தரையைத் தொடுவது அது ஒன்றுதான். 13 அங்குல ரிம்முக்கு நல்ல டயர் கிடைப்பது இப்போது சுலபமில்லை என்பதால், பலர் பெரிய அலோய் ரிம்முக்குத் தாவுகிறார்கள். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். தோட்டப் பாதையில் முதல் கல்லை வாங்கும் குஷன் அந்தச் சுவர்தான். கம்பெனி அளவுக்கு ஒரு படி மேலே, 175/70 ஆர்13 போல ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாங்கும்போது பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு வருடத்தையும் சொல்லும். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் கிடந்து காய்ந்த ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. பாவித்த டயரை மலிவு என்று வாங்கும்போது பெரும்பாலும் இதைத்தான் வாங்கிவருகிறோம்.

அடுத்தது ஷொக் அப்சோபர். ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷொக்கின் வேலை. நாற்பது வருடக் காரில் அது பெயருக்குத்தான் இருக்கும். பொனட்டை அமுக்கிவிட்டு எத்தனை தரம் துள்ளுகிறது என்று பார்ப்பது பழைய பரிசோதனை. அதில் தோற்றால் ஷொக் செத்துவிட்டது நிச்சயம், ஆனால் தேறினால் நல்லது என்று அர்த்தமில்லை. பழைய ரப்பர் புஷ்களின் இறுக்கமே துள்ளலை மறைத்துவிடும். தண்டில் எண்ணெய் கசிவையும், டயரின் மேல்பரப்பு அங்கங்கே குழிவாகத் தேய்ந்திருப்பதையும் நம்பலாம்.

கேஈ-70, லான்சர் இரண்டிலும் முன்னால் இருப்பது மக்பர்சன் ஸ்ட்ரட். அந்தக் குழாயின் மேல் நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் கார்ட்ரிஜை மட்டும் மாற்றலாம். மாற்றும்போது குழாய்க்கும் கார்ட்ரிஜுக்கும் இடையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற வேண்டும். ஷொக்கில் உண்டாகும் சூடு அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. பல கராஜ்களில் இதை விட்டுவிடுகிறார்கள். இறம்பொடை இறக்கம் போன்ற இடத்தில் இடைவிடாமல் வேலை செய்யும் ஷொக் சூடேறித் தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கயாபா போன்ற ஜப்பான் கம்பெனிகளின் சாதாரண காஸ் ஷொக் போதும். பந்தயத்துக்கான, திருகித் திருகி இறுக்கும் வகை தொடக்கத்தில் வேண்டாம், திருகத் தெரியாதவன் கையில் அது வீண் செலவு. பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பாகங்கள் எவ்வளவோ நல்லதாகக் கிடைக்கும். பாவித்த ஷொக்கை மட்டும் வாங்காதீர்கள். வாங்கும் நாளிலேயே அது பாதி ஆயுளைக் கழித்திருக்கும்.

மூன்றாவது புஷ். சஸ்பென்ஷன் கைகள் எல்லாம் காரின் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் இந்த ரப்பர் வளையங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரப்பர் வெடித்திருந்தால் எக்ஸல் அதன் போக்கில் கொஞ்சம் திரும்பும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி பின்னாலிருந்து வளையும். இதைத்தான் பலர் 'ஷேப் இல்லை' என்று சொல்லி ஸ்பிரிங்கைக் குறை கூறுகிறார்கள். மாற்றும்போது கெட்டியான பொலியூரித்தேன் போடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. முன்பக்கக் கீழ்க்கைக்குச் சரி. பின்னால் நான்கு கைகளில் தொங்கும் எக்ஸலுக்கு எல்லா இடத்திலும் போட்டால் ஆபத்து. ஒரு சக்கரம் கல்லில் ஏறி மற்றது பள்ளத்தில் இறங்கும்போது அந்தக் கைகள் முறுக்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் அதற்கு இடம் தரும், பொலியூரித்தேன் தராது. எக்ஸல் இறுகிப் பின்சக்கரம் தரையை விடும். நமது அளவுகோலில் இது நேரான தோல்வி. மழையும் சேறும் சேர்ந்தால் அது கீச்சிடவும் தொடங்கும்.

இனி ஸ்பிரிங். இளைஞர்கள் முதலில் தொட நினைப்பதும், நான் கடைசிக்குத் தள்ளியதும் இதைத்தான்.

காரைத் தாழ்த்த மிக மலிவான வழி, சுருள் ஸ்பிரிங்கில் ஒன்று ஒன்றரைச் சுற்றை கிரைண்டரால் வெட்டுவது. பத்து நிமிட வேலை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரையை வெட்டினால் மிச்சம் நாலரை. ஸ்பிரிங்கின் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம், எனவே மூன்றில் ஒரு பங்கு விறைப்புக் கூடிவிட்டது. சக்கரம் மேலே போக இருந்த இடமோ குறைந்துவிட்டது. விறைத்த ஸ்பிரிங், பழைய ஷொக், குறைந்த இடம் என மூன்றும் சேரும்போது வண்டி பள்ளத்தில் இறங்குவதில்லை, பள்ளத்தின் மேல் தாவுகிறது. காற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, பிடியும் இல்லை. இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. நான்கு கைப் பின் எக்ஸலில், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தான் அமர்ந்திருக்கும் இடத்தை விட்டுக் கழன்று கீழே விழக்கூடும். தோட்டப் பாதையில் குறுக்கு வாய்க்காலைச் சரிவாகக் கடக்கும்போது சக்கரம் அப்படித்தான் தொங்கும். காஸ் விளக்கால் சூடாக்கி அமுக்குபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்த உருக்கின் பதம் போய்விடும்.

கம்பெனி செய்த தாழ்வு ஸ்பிரிங் போட்டால்? வெட்டியதைவிட மேல். ஆனாலும் மக்பர்சன் ஸ்ட்ரட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காரைத் தாழ்த்தினால் கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய காரில் சாய வைக்கும் விசை கூடுகிறது. கூடிய விறைப்பு அதைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். கொரோலாவில் பின் எக்ஸலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது ஒரே ஒரு குறுக்குக் கம்பி, பான்ஹார்ட் ரொட். தாழ்த்தியதும் அது எக்ஸலை ஒரு பக்கம் தள்ளிவிடும். நீளம் மாற்றக்கூடிய கம்பி போடாதவரை ஒரு பின்சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

1930களில் கெடிலாக்கில் வேலை செய்த மொறிஸ் ஒலி என்ற பொறியியலாளர், முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆட வேண்டும் என்று கண்டறிந்தார். பள்ளத்தை முதலில் சந்திப்பது முன்சக்கரம். சற்றுத் தாமதமாகத் தொடங்கும் பின்புறம் வேகமாக ஆடி அதை எட்டிப் பிடித்துவிட்டால், வண்டி முன்னும் பின்னும் குதிக்காமல் சமமாக மிதக்கும். முன்னால் மட்டும் வெட்டி மூக்கைத் தாழ்த்துபவர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறார்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பின் இருக்கையில் போகும் அம்மாவுக்கு வாந்தி வருவதற்குக் காரணம் எப்போதும் வளைவு மட்டுமல்ல.

உயர்த்தும் கட்சிக்கு வருவோம். டீஎக்ஸ் வேகனில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். மரக்கறி மூட்டை ஏற்றும் வண்டிக்கு ஒரு பட்டை கூடப் போடுவது நியாயம். மூட்டை இறக்கிய பிறகு அந்தப் பட்டை விறைப்பாக நிற்கும், ஈர வளைவில் வெறும் வண்டியின் பின்புறம் தத்தும். வாடகைக்கு ஓடும் வேகனுக்கு இது தவிர்க்க முடியாத பேரம். ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு மட்டும் வைத்திருக்கும் காருக்கு அது தேவையே இல்லை.

சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க மசில் கார் ஆலோசனைகளில் முன்னும் பின்னும் தடித்த பார் போடுவது ஏறத்தாழ முதல் படி. அங்கே வளைவு அகலம், தரை சமம். இங்கே கொண்டை ஊசியில் ஏறிக்கொண்டே திரும்பும்போது, தடித்த பின் பார் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். சாதாரண டிஃபரென்ஷல், பிடி குறைந்த சக்கரத்தைச் சும்மா சுழல விட்டுவிடும். என்ஜின் அலறும், கார் நிற்கும், பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். முன்னால் சற்றுத் தடித்த பார் பரவாயில்லை. பின்னால் கம்பெனி தந்ததோடு விடுங்கள்.

அமெரிக்கர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். 1965 ஷெல்பி ஜீடி-350 மஸ்டாங்கில், முன் மேல் கை பொருந்தும் துளைகளை ஓர் அங்குலம் கீழே துளைத்தார்கள். போர்ட் பொறியியலாளர் கிளாஸ் ஆர்னிங்கின் யோசனை அது. விலை உயர்ந்த பாகம் இல்லாமலே வளைவில் முன் டயர் நேராக நின்றது. விறைப்பைக் கூட்டுவதற்கு முன் கோணத்தைச் சரிசெய் என்பதுதான் அதன் பாடம். நமக்கு அதன் சமானம் நல்ல வீல் எலைன்மென்ட். புஷ்ஷும் ஷொக்கும் மாற்றியபின் ஒழுங்காக எலைன்மென்ட் பார்க்காவிட்டால், செலவழித்ததில் பாதி வீண்.

நுவரெலியாவுக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. மஹகஸ்தோட்டைத் தோட்டத்தில் மலை ஏறு ஓட்டம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தின் பகுதியாக அது இன்றும் பேசப்படுகிறது. ரதல்லையிலும் ஏறு ஓட்டம் நடந்து வந்திருக்கிறது. ஒரு நேரம் ஒரு கார், கடிகாரத்தோடு மட்டும் போட்டி. அந்தக் கார்கள் விறைப்பாகவும் தாழ்வாகவும் இருப்பது சரியே. ஓடும் தூரம் குறைவு, வீதி முன்கூட்டியே மூடப்பட்டது, எதிரே கொழுந்து லொறி வராது. தியத்தலாவைப் பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21 அன்று பந்தயக் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். மூடிய தடத்திலேயே நிலைமை அது. பந்தயக் காரைப் பார்த்துவிட்டு வந்து, திங்கட்கிழமை பொது வீதியில் ஓட்டும் காருக்கு அதே வேலையைச் செய்வதில்தான் பிழை இருக்கிறது. அதே ரதல்லையிலுள்ள குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 அன்று பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ், வேன் ஒன்றோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்கள் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசும்போது பிரேக்கையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

ஒரு சிறு நிர்வாகக் குறிப்பு: 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு, வாகனங்களில் மேலதிகமாகப் பொருத்தியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்தது நினைவிருக்கும். பழைய அளவில் போட்ட புதிய ஷொக்கை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. தரையைத் தடவும் காரைக் கேட்பார்கள்.

மூன்று கட்சிகளில் என் வாக்கு மூன்றாவதற்கு, ஒரு திருத்தத்தோடு. கம்பெனி போட்டதைத் திரும்பப் போடுங்கள், ஆனால் ஷொக்கிலும் டயரிலும் கம்பெனியைவிட ஒரு படி நல்லதைப் போடுங்கள். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். அலெக் இசிகோனிஸ் வரைந்து 1948இல் வெளிவந்த அந்தக் காரில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முன்பக்க டோர்ஷன் பாரை யாரும் வெட்ட முடியாது என்பது நம் அதிர்ஷ்டம்.

இந்த வருடம் கையில் இருக்கும் காசு ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், நான்கு புதிய டயர்களை வாங்குங்கள். இரண்டு வேலைக்குப் போதும் என்றால் ஷொக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பாஸ் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு கராஜைத் தேடுங்கள்.